டொக்வில்: கணக்கில் சேராத ஆள்

ஹ்விடோவ்ரே என்றதும் டென்மார்க்கில் வாழும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள பெரிய வைத்தியசாலைதான். பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, வருத்தக்காரரைப் பார்க்கப் போதல் என்று அந்த இடத்துக்கும் எமக்கும் உள்ள உறவு அத்தகையது. ஆனால் கொப்பன்ஹேகனின் தென்மேற்கே ஒட்டிக் கிடக்கும் இதே நகரசபை எல்லைக்குள், அவெடோரெ என்ற பகுதியில், இராணுவம் விட்டுப்போன பழைய முகாம் கட்டடங்களில், 1990களின் பிற்பகுதியில் ஒரு திரைப்பட நகரமும் எழுந்தது. லார்ஸ் வொன் ட்ரியரும் பீட்டர் ஓல்பெக் யென்சனும் 1992இல் தொடங்கிய சென்ட்ரோபா நிறுவனம் அங்கே குடிவந்தது. அந்நிறுவனத்தின் தயாரிப்பாக 2003 மே மாதம் கான் விழாவில் முதன்முதலிற் காட்டப்பட்ட படம் ‘டொக்வில்’. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்ட ஒரு படத்தைப்பற்றி இப்போது எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். எமது அயலில் உருவான அந்தப் படம் எம்மைப்பற்றிய ஒரு கேள்வியைக் கேட்கிறது. அக்கேள்விக்கு அது சொல்லும் விடை எமக்குப் போதாது. அதுவே காரணம்.

கேள்வி இதுதான்: ஒரு செயல் சரியா பிழையா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? அதனால் மனிதருக்கு விளையும் இன்பதுன்பத்தைக் கொண்டா? அப்படியாயின் யாருடைய இன்பம், யாருடைய துன்பம்? கணக்கை எழுதுவது யார்?

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். 1930களின் பொருளாதார மந்தகாலம். அமெரிக்காவின் மலைப்பகுதியில், வீதி முடிந்துபோகிற இடத்தில் டொக்வில் என்றொரு சிற்றூர். துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஓர் இரவில் கிரேஸ் என்ற இளம்பெண் அங்கே ஓடிவருகிறாள். அவளைத் தேடி ஒரு கொள்ளைக்கூட்டத்தின் கார் வருகிறது. ரொம் எடிசன் என்ற இளைஞன் அவளை ஒளித்து வைக்கிறான். எழுத்தாளனாக வரவேண்டும் என்பது அவன் ஆசை. எழுதியதோ மிகக் கொஞ்சம். ஊராரைக் கூட்டி வைத்து ஒழுக்கம்பற்றிப் பேசுவதே அவனுக்கு வேலை. ஊர் கூடி அவளுக்கு இரண்டு வாரத் தவணை கொடுக்கிறது. அதற்குள் அவள் எல்லோருக்கும் பிடித்தவளாகிவிட வேண்டும். ஆகவே வீடுவீடாகப் போய் வேலை கேட்கிறாள். எமக்கு ஒரு தேவையும் இல்லை என்கிறார்கள் முதலில். பிறகு, செய்யாவிட்டாலும் பரவாயில்லாத சிறுவேலைகள் அவளுக்கென்று கண்டுபிடிக்கப்படுகின்றன. பார்வையிழந்த முதியவருக்குப் பேச்சுத் துணை, பிள்ளைகளுக்குப் படிப்பு, பழத்தோட்டத்தில் உதவி. தவணை முடிந்து வாக்கெடுப்பு நடக்கிறது. அவள் இருக்கலாம் என்று தீர்மானமாகிறது. கிடைத்த சிறு கூலியில் அவள் ஊர்க்கடையிலிருந்த பீங்கான் பொம்மைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறாள்.

தவணை விசாவும் ‘பிடித்தவராக’ நடந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் எமக்குப் புதியவை அல்ல. ஆனால் படத்தின் கூர்மை இதற்குப் பின்னர்தான் தெரிகிறது. பொலிஸ் வந்து, காணாமற்போனவள் என்று அவளது படத்தை ஒட்டிவிட்டுப் போகிறது. மறுமுறை வந்து, வங்கிக் கொள்ளைக்காகத் தேடப்படுபவள் என்று ஒட்டுகிறது. கொள்ளை நடந்ததாகச் சொல்லப்பட்ட நாட்களில் அவள் தங்கள் வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள் என்பது ஊரார் எல்லோருக்கும் தெரியும். அவள் குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது வேறு: அவளை வைத்திருப்பதன் ஆபத்துக் கூடிவிட்டது, ஆகவே அதற்கான விலையும் கூடவேண்டும். கூடுதல் வேலை, குறைந்த கூலி. அங்கிருந்து எல்லாம் சரிகிறது. ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவளை வன்புணர்கிறார்கள். தப்பியோடக் காசு கொடுத்தவளை லொறிக்காரன் திரும்பவும் ஊருக்கே கொண்டுவந்து இறக்குகிறான். கழுத்தில் இரும்பு வளையமும் மணியும் பூட்டி, பாரமான சில்லொன்றோடு சங்கிலியிற் பிணைக்கிறார்கள்.

இத்தனையும் நடக்கிற ஊருக்குச் சுவர் இல்லை. மேடை போன்ற கறுப்புத் தளத்தில் வெள்ளைக்கோடு கீறி, இது இன்னாருடைய வீடு, இது தெரு என்று எழுதிவைத்திருக்கிறார் நெறியாளர். கதவு இல்லாத இடத்தில் நடிகர் கதவைத் திறக்கிறார். சத்தம் மட்டும் கேட்கிறது. முதல் வன்புணர்வு நடக்கும்போது அயல்வீட்டார் தத்தம் வேலைகளைச் செய்துகொண்டிருப்பதை நாம் ஒரே சட்டகத்தில் பார்க்கிறோம். இது வெறும் உத்திப் புதுமை அல்ல. தெரியாது என்று சொல்ல எவருக்கும் இடமில்லாத ஓர் ஊரை அது காட்டுகிறது.

இந்தப் படத்தை அமெரிக்காவுக்கு எதிரான படம் என்று பலர் எழுதினார்கள். எமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. டொக்வில்காரர் கொடியவர்கள் அல்லர். அவர்கள் கூட்டம் கூடுகிறார்கள், வாக்களிக்கிறார்கள், நன்மை தீமையை எடைபோடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் அவர்கள் கேட்பது, இதனால் எமக்கு என்ன வரும் என்பதையே. அதுவும் பொதுநன்மையின் பெயரால். அவர்களது கணக்கில் கூட்டற்பிழை இல்லை. ஓர் ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் செலவுப் பக்கத்தில் இருக்கிறாள், வரவுப் பக்கத்தில் இருக்கிறாள்; இன்பதுன்பம் உடைய ஆளாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

செயல்களின் சரி பிழையை மனிதரின் இன்பதுன்பத்தைக் கொண்டு அளக்கும் கொள்கையைப் பயன்வாதம் என்பர். 1789இல் வெளியான நூலில் ஜெரமி பெந்தம் அதற்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்தார். ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1861இல் சஞ்சிகைக் கட்டுரைகளாக எழுதி 1863இல் நூலாக்கியது அதன் புகழ்பெற்ற விளக்கம். டென்மார்க்கிலும் அதற்கு வேர் உண்டு: ஹரால்ட் ஹொவ்டிங் 1887இல் வெளியிட்ட அறவியல் நூல், மக்களின் நலனையே அளவுகோலாக முன்வைத்தது. இக்கொள்கையை முதலாளித்துவக் கணக்கு என்று தள்ளிவிடுவது எமது இடதுசாரி நண்பர்கள் சிலரின் வழக்கம். அது நியாயமன்று. பிரபுவின் வலியும் பண்ணையாளின் வலியும் ஒரே அளவே என்று சொன்ன கொள்கை அது. சாதியையும் பிறப்பையும் கடவுளின் ஆணையையும் காட்டி நியாயப்படுத்தப்பட்ட கொடுமைகளைப் பார்த்து, இதனால் யார் துன்பப்படுகிறார் என்று கேட்ட கொள்கை. கோவிலுக்குள் வராதே என்பதற்குச் சாத்திரம் காட்டிய எமது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

விளைவைப் பார்ப்பது எமது மரபுக்கும் அந்நியமன்று. வள்ளுவர் ‘வாய்மை’ அதிகாரத்தில் உண்மையையே அதன் விளைவைக் கொண்டுதான் வரையறுக்கிறார்; எவருக்கும் தீங்கு தராததுதான் வாய்மை, குற்றமற்ற நன்மைக்காகப் பொய்கூட அந்த இடத்தைப் பெறலாம் என்பது அவர் கருத்து. அதே வள்ளுவர் ‘வினைத்தூய்மை’யில் தாயின் பசியைக் காட்டினாற்கூடச் சில செயல்களுக்கு அனுமதி தர மறுக்கிறார். இது முரண்பாடு என்று சொல்பவர் உண்டு. எமக்கு அப்படித் தெரியவில்லை. பசித்த தாயைவிடப் பெரிய நியாயம் ஒருவனுக்குக் கிடையாது. அத்தகைய நியாயம் கையில் இருக்கும்போதுதான் மனிதர் மற்றவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் அவர் ஒரு கோடு போடுகிறார்.

டொக்வில் மேடையிற் கீறிய கோடுகளிலிருந்து டென்மார்க்கின் கோவைகளுக்கு வருவோம். இங்கே தமிழர் பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. 1983ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவர் தமது துணையையும் சிறுபிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாகவே தந்திருந்தது. அப்படியிருக்க 1987 செப்டெம்பரில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை ஒதுக்கிவைக்கச் செய்தார். எவருக்கும் ‘இல்லை’ என்று கடிதம் போகவில்லை. கோவைகள் அடியில் வைக்கப்பட்டன, அவ்வளவுதான். சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று, அந்த வருடம் ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது, நிலைமை சீராகும், இவர்கள் திரும்பிப் போகக்கூடும் என்பது. விளைவைப் பார்த்துச் செய்யப்பட்ட தீர்மானம்தான் அதுவும். ஒக்ரோபர் 10இல் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் தொடங்கியது. ஒக்ரோபர் 21இல் யாழ். வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் இந்தியப் படையினராற் கொல்லப்பட்டனர். கொப்பன்ஹேகன் மேசையில் எதிர்பார்க்கப்பட்ட சமாதானத்தின் விளைவு அது. அதன் பின்னரும் கோவைகள் அடியிலேயே கிடந்தன. 1989இன் தொடக்கத்தில்தான் அவை மறுபடி அசையத் தொடங்கின.

ஒம்புட்ஸ்மன் எனப்படும் பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி விசாரித்தார். 1989 ஏப்ரலில் பிரதமர் போல் ஸ்லூட்டர், கம்பளத்தின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பாராளுமன்றத்தில் உறுதி கூறினார். பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதி மொன்ஸ் ஹோர்ன்ஸ்லெற் தலைமையில் விசாரணை நடந்தது. ஏறத்தாழ 6000 பக்க அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995 ஜூனில், அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நீதிமன்றம் தமிழரின் கண்ணீரை அளக்கவில்லை. சட்டம் இப்படிச் சொல்லியிருக்க அமைச்சர் அப்படிச் செய்தார் என்பதே குற்றம். எமக்கு உதவியது இன்பதுன்பக் கணக்கா, அதற்கு எதிரான உரிமையா? மில் இதற்குத் தமது நூலின் இறுதி அத்தியாயத்தில் விடை தேடுகிறார். நீதியின் விதிகள் மனித நலனுக்கு வெளியே இருந்து வந்தவை அல்ல. எவருக்கும் அத்தியாவசியமான நலனாகிய பாதுகாப்பைக் காப்பதனாலேயே அவற்றுக்கு மற்றெல்லாவற்றையும்விட அதிக பலம் என்பது அவரது வாதம். எமது பாஷையிற் சொன்னால், கோவையில் வெறும் இலக்கமாகக் கிடந்த பெண்ணை ஆளாக எண்ணவைத்தது அந்தச் சட்டத்தின் ஒரு வாசகம். அமைச்சரின் தயவை நம்பியிருந்தால் அவள் எண்ணப்பட்டிருக்க மாட்டாள். தனது இன்பத்தைக் கூட்டும் பெரும்பான்மை, சிறுபான்மையின் துன்பத்தைச் சரியாகக் கழிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்காகவே கணக்குக்கு முன்னாலேயே சில விதிகள் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

2012இல் வெளியான முதலாவது உலக மகிழ்ச்சி அறிக்கையில் டென்மார்க் முதலிடம் பெற்றது. மகிழ்ச்சியைச் சராசரியாக அளந்தார்கள். சராசரிக்குள் காத்திருப்பவர் தெரிவதில்லை. 2016இல் இதே நாடு, தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் குடும்பத்தை அழைக்க மூன்று வருடம் காத்திருக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. இம்முறை கோவையை ஒளிக்கத் தேவையில்லை. சட்டமே காத்திருக்கச் சொன்னது. சிரியாவிலிருந்து வந்த ஒருவர் வழக்காட, 2021 ஜூலை 9இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தனிநபரின் நிலையைப் பாராமல் எல்லோருக்கும் பொருத்தப்பட்ட அக்காத்திருப்பு குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் டிசெம்பரில், தஞ்சம் கோரிய இளந்தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்துவைத்ததற்காக முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பர்க் 60 நாள் சிறைத்தண்டனை பெற்றார். நின்-ஹான்சனுக்குப் பிறகு அந்த விசேட நீதிமன்றம் கூடியது அவருக்காகத்தான்.

இனிப் படத்தின் முடிவுக்கு வருவோம். எமது முரண்பாடு அங்கேதான். ரொம் கடைசியில் கொள்ளைக்கூட்டத்தைத் தானே அழைக்கிறான். வந்திறங்கும் தலைவன் கிரேஸின் தகப்பன். காருக்குள் இருவருக்கும் தர்க்கம். ஏழ்மையும் சூழலும் அவர்களை அப்படி ஆக்கின என்று மன்னிக்கிறாயே, உனக்கு நீ வைக்கும் அளவுகோலை அவர்களுக்கு வைக்காதது உன் அகங்காரம் அல்லவா என்கிறான் தகப்பன். அவள் இறங்கி நடக்கிறாள், யோசிக்கிறாள். தான் அவர்களிடத்தில் இருந்திருந்தாலும் இச்செயல்களை நியாயப்படுத்த முடியாது என்று முடிவுசெய்கிறாள். பிறகு சொல்கிறாள்: இந்த ஊர் இல்லாவிட்டால் உலகம் கொஞ்சம் நன்றாயிருக்கும். ஊர் எரிகிறது. பெரியவர், பிள்ளைகள் எல்லோரும் சுடப்படுகிறார்கள். முன்னர் வேரா என்ற தாய், அழாமல் நின்றால் நிறுத்துகிறேன் என்று சொல்லிச்சொல்லிக் கிரேஸின் பொம்மைகளை உடைத்தாள். இப்போது அதே நிபந்தனையுடன் வேராவின் பிள்ளைகள் அவள் கண்முன்னே ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ரொமைக் கிரேஸ் தன் கையாலேயே சுடுகிறாள். நாய் மட்டும் தப்புகிறது.

இரண்டரை மணித்தியாலத்துக்கு மேலாக அவளது அவமானத்தைப் பார்த்திருந்த பார்வையாளர் மனம் இந்த இடத்தில் ஆறுதல் அடைகிறது. நெறியாளர் விரித்த வலை அதுதான். விழுந்த பின்னர் வெட்கப்பட வைக்கிறார். அந்த அளவில் இது நேர்மையான படைப்பு. பாதிக்கப்பட்டவளும் ஊராரின் அதே கணக்கைத்தான் எழுதுகிறாள் என்பதை அது காட்டுகிறது. உலகம் நன்றாயிருக்கும் என்ற அவளது கூட்டலில் கைக்குழந்தையின் பெயரும் கழிக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் படம் அவளுக்கு இரண்டே வழிகளைத் திறந்து வைக்கிறது: எல்லோரையும் மன்னி, அல்லது எல்லோரையும் கொல். மூன்றாவது வழி ஒன்று படத்தில் இல்லவே இல்லை. யார் என்ன செய்தார் என்று ஆளாளாகப் பிரித்துக் கேட்பது, எழுதுவது, பொறுப்புச் சொல்ல வைப்பது. 6000 பக்கமும் ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதமும் கொண்ட அந்த வழி மெதுவானது, சலிப்பானது, திரைப்படத்துக்கு உதவாதது. தண்டனை போதாது என்று நம்மவர் பலர் அன்று கசந்ததும் உண்மை. ஆனால் ஹ்விடோவ்ரேயிலிருந்து வந்த ஒரு படம், எட்டு வருடங்களுக்கு முன் அயலிலே நடந்து முடிந்த இந்த உதாரணத்தை அறியாததுபோல, மனிதருக்கு வேறு வழி கிடையாது என்று சாதிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

எம்மிடையேயும் கிரேஸின் வாக்கியம் பேசப்பட்டிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்ரோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். சொல்லப்பட்ட நியாயம் பாதுகாப்பு, போராட்டத்தின் நன்மை, நாளைய சந்ததியின் நிம்மதி. எமக்கு நடந்ததைப் பாருங்கள் என்ற முன்னுரையோடு இந்த நியாயம் புலம்பெயர் மண்டபங்களிலும் ஒப்புவிக்கப்பட்டது. எமக்கு நடந்தது உண்மைதான். பசித்த தாயைப் போன்ற உண்மை. ஆனால் சோனகதெருவில் கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கையிற் கொண்டுபோன பெண் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டாள்? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் ஊடகவியலாளர் முன்னிலையில் அன்ரன் பாலசிங்கம் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அப்போது பதினொன்றரை வருடம் கழிந்திருந்தது. வருமென்று கூட்டப்பட்ட நிம்மதி எவருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தச் செயல் சரியாகியிருக்காது என்பதே எமது கருத்து. தொஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்களில் இவான் தன் தம்பியைக் கேட்பதும் இதையே: ஒரு குழந்தையின் வதையின்மேல் மனிதகுலத்தின் மகிழ்ச்சியைக் கட்ட நீ சம்மதிப்பாயா? தம்பி இல்லை என்கிறான். கேட்டவனும் சொன்னவனும் அந்தக் குழந்தையை முதலில் ஓர் ஆளாக எண்ணிவிட்டார்கள்; அதன் பிறகு வேறு விடை சொல்லுவது கடினம்.

ஆகவே விளைவைப் பாராதே என்று நாம் சொல்லவரவில்லை. புனிதமான இலட்சியம், இனத்தின் மானம், நாட்டின் இறைமை என்று எவர் எதைச் சொன்னாலும், இதனால் யாருக்கு வலி என்று கேட்கும் பழக்கம் எமக்கு இன்னும் போதாமலே இருக்கிறது. அதைக் கேட்கும்போது இரண்டு எச்சரிக்கை வேண்டும். கையில் இருக்கும் துன்பம் நிச்சயம், நாளைக்கு வரும் இன்பம் ஊகம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவரை நம்பக்கூடாது. மற்றது, துன்பப்படப் போகிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்கவேண்டும். டொக்வில் வாக்கெடுப்பின்போது கிரேஸ் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தாள்.

எமது புலம்பெயர் எழுத்தில் கிரேஸ்கள் நிறைய உண்டு. குளிர், அவமானம், கோப்பை கழுவிய கைகள் என்று எமது துன்பத்தை நாம் எழுதிய அளவுக்கு எமது ஊரின் வாக்கெடுப்புகளை எழுதவில்லை. 1987க்கும் 1989க்கும் இடையில் இங்கே ஒருவர் தபாற்பெட்டியைப் பார்த்து நின்ற கதை வந்திருக்கிறது. அங்கே ஷெல் சத்தத்துக்கிடையில் அவருடைய கடிதத்துக்குக் காத்திருந்த மனைவியின் கதை குறைவு. புத்தளத்து முகாமில் காத்திருந்தவளின் கதையை முஸ்லிம் எழுத்தாளர்களே எழுதவேண்டியிருந்தது. டொக்விலை ஒருமுறை பாருங்கள். படம் நீளமானது, பார்க்கச் சுலபமானதுமல்ல. கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கிகள் வெடிக்கும்போது உங்கள் மனம் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பேசுவோம்.